தங்கத்துக்கு இருக்கும் சோதனை மஞ்சளுக்கு எங்கே?

மயிலாப்பூர் கல்யாண மண்டபங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வருமுன் உள்ளே யாராவது ஓர் அத்தையோ சித்தியோ ஆரத்தி கரைத்துக்கொண்டிருப்பார். தாம்பாளத்தில் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் சுண்டைக்காய் அளவு எடுத்து அதில் கரைப்பார். விரல் சுற்றுகிற தடத்திலேயே சிவப்பு ஓடும். இரண்டு சுற்றில் தட்டு முழுவதும் ரத்தச் சிவப்பாகிவிடும். இதற்கென்று யாரும் கடையில் சாயம் வாங்குவதில்லை. பாட்டி செய்ததைப் பார்த்து அம்மா, அம்மாவைப் பார்த்து மகள் என்று வந்த கைப்பழக்கம் அது.

நிறத்தை மாற்றுவது மஞ்சளில் இருக்கும் குர்குமின். செடிகள் தாமாகவே தயாரித்துக்கொள்ளும் பீனால் வகைச் சேர்மங்களில் ஒன்று. 1815-ல் வோகல், பெல்லெத்தியே என்ற இரு வேதியியலாளர்கள் இதை மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு தெளிவாக 1910 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அதன் இரண்டு முனைகளிலும் முனைக்கொன்றாகக் கார்பன் வளையம். ஒவ்வொரு வளையத்திலும் ஓர் ஆக்ஸிஜனும் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஹைட்ரஜனும். அந்த ஹைட்ரஜன் அங்கே அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் பட்டால் கழன்றுவிடுகிறது. உடனே மூலக்கூறு உறிஞ்சும் ஒளி மாறுகிறது, கண்ணுக்கு மஞ்சள் சிவப்பாகிறது.

சாம்பார் சிந்திய வெள்ளை வேட்டியில் சோப்பு போட்டதும் கறை திடீரென்று சிவப்பதும் இதே காரணத்தால்தான். சோப்பும் காரம். கறை போகவில்லையே என்று பதறாமல் வேட்டியை மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் அது வெளுத்துவிடும் என்பதும் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் தெரிந்ததே. குர்குமின் வெளிச்சத்தைத் தாங்காது.

குங்குமத்தின் கதை இன்னும் சுவையானது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி மாடவீதிகளில் குவித்து வைத்து விற்கும் குங்குமம், பழைய முறைப்படி செய்தால், மஞ்சளேதான். விரலி மஞ்சளோடு வெண்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்து ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இடித்துச் சலிப்பார்கள். சுண்ணாம்பால் வந்த சிவப்பு எலுமிச்சை பட்டால் மறைந்துவிடும். குங்குமத்தின் சிவப்போ எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறியும் நிலைக்கிறது. வெண்காரத்தில் உள்ள போரான்தான் காரணம். புளிப்பான சூழலில் குர்குமின் போரானோடு சேர்ந்து வேறொரு சிவப்புச் சேர்மமாகிவிடுகிறது. தண்ணீரில் எவ்வளவு போரான் இருக்கிறது என்று அளக்க ஆய்வகங்கள் கையாளும் முறைகளில் ஒன்று இதே வினையை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. அளவுக் குடுவை எதுவும் இல்லாமல், அனுபவத்தை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடித்த பெண்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மஞ்சளை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துவைத்திருக்கும் சமூகம் அதை வாங்கும்போது மட்டும் ஏமாறுகிறது. அதுவும் இரண்டு விதமாக. ஒன்று, மஞ்சளின் நன்மை முழுவதும் மாத்திரைக்குள் அடங்கிவிட்டது என்ற நம்பிக்கை. மற்றொன்று, பளிச்சென்று இருப்பதே நல்ல மஞ்சள் என்ற நம்பிக்கை. முதலாவது பெரும்பாலும் பணத்தோடு போகும். இரண்டாவது குழந்தைகளின் மூளை வரை போகிறது.

முதலில் மாத்திரை. தி.நகர் பாண்டி பஜாரிலோ அடையாறு மகாத்மா காந்தி சாலையிலோ ஒரு பெரிய மருந்துக்கடைக்குள் நுழைந்தால், வைட்டமின் வரிசைக்குப் பக்கத்தில் குர்குமின் டப்பாக்கள் நிற்கும். ‘95 சதவீதம் குர்குமினாய்டு, மிளகுச் சத்துடன்’ என்று மேலே அச்சிட்டிருக்கும். மூட்டு வலி, சர்க்கரை, ஞாபக மறதி, புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் இது நல்லது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றாத வாரம் இல்லை.

சாதாரண மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு சிட்டிகை மஞ்சள் போட்ட கூட்டில் குர்குமின் சில மில்லிகிராம் இருந்தாலே அதிகம். அதிலும் பெரும்பகுதி உடலில் சேர்வதில்லை. குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். நமது ரத்தத்தில் இருப்பது போன்ற லேசான காரத்தன்மை உள்ள கரைசலில் குர்குமினைப் போட்டால், அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் மிளகு? பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வைத்தான் எல்லா டப்பாவும் மறைமுகமாக மேற்கோள் காட்டுகிறது. 2 கிராம் குர்குமினோடு, மிளகின் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடியது என்றது அது. எண் பெரியது. ஆனால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத அளவிலிருந்து கூடியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பைப்பரின் அதைச் செய்யும் விதமும் கவனிக்க வேண்டியது. மருந்துகளைப் பிரித்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளின் வேலையை அது மட்டுப்படுத்துகிறது. குர்குமினுக்கு மட்டும் என்று அது பார்த்துச் செய்வதில்லை. கூடவே சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றின் அளவும் ரத்தத்தில் மாறக்கூடும்.

2017-ல் மருத்துவ வேதியியல் இதழ் ஒன்றில் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் எழுதிய விரிவான மறுஆய்வு இந்தத் துறையையே உலுக்கியது. குர்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யும் கடுமையான சோதனையில் அது வெற்றி பெற்றதில்லை என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். குர்குமின் தானே ஒளிரும், கண்ட புரதத்தோடும் வினைபுரியும். அதனால் ஆய்வகச் சோதனைகளில் மருந்தைப் போலத் தோன்றி ஆய்வாளர்களை ஏமாற்றிவிடும் என்றும் எழுதினார்கள். குர்குமின் ஆய்வில் உலகப் புகழ்பெற்ற ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் முன்னாள் ஆய்வாளர் பரத் அகர்வாலின் கட்டுரைகள் பலவும், படங்களின் நம்பகத்தன்மை பற்றிய கேள்விகளால் இதழ்களிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. மூட்டு வலிக்குக் கொஞ்சம் நிவாரணம் கிடைத்ததாகச் சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பயன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று சொல்வதற்கும் இப்போது இடமில்லை. இத்தாலியில் 2019-ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் வரிசையாகப் பதிவாயின. 2022-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம், கல்லீரலுக்கு நல்லது என்று டப்பாவில் போடக் கூடாது என்றது. அதே ஆண்டு அமெரிக்காவில் 10 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அவர்களில் 7 பேருக்கு ஒரே மரபணுக் கூறு இருந்தது, ஒருவர் இறந்துபோனார். ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் எச்சரிக்கை விட்டது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி இவர்கள் யாரும் பேசவில்லை. செறிவூட்டி, உறிஞ்சும் திறன் கூட்டி, மாத்திரையாக்கிய குர்குமினைப் பற்றித்தான் அத்தனை எச்சரிக்கையும்.

1954 முதல் அடையாறில் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தமிழகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மக்கள் வருகிறார்கள். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு உறவுக்காரர் ஒருவர் அன்போடு குர்குமின் டப்பா வாங்கி வந்து கொடுப்பது எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடியது. அந்த அன்பைக் குறைசொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் சொல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிகிச்சை மருந்தின் அளவைக் கணக்குப் போட்டுக் கொடுப்பவருக்கு, கூட என்ன போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இனி நிறம்.

ஈரோட்டில் அறுவடையான மஞ்சள் கிழங்கை வேகவைத்து, வெயிலில் 10, 15 நாள் காயவைத்து, உருளையில் போட்டுச் சுழற்றி மெருகேற்றுவார்கள். மேல்தோல் உரசிப் போய் உள்நிறம் எட்டிப் பார்க்கும். பிறகு விரலி தனி, கிழங்கு தனி என்று பிரித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைப்பார்கள். வியாபாரி குவியலிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்துப் பார்ப்பார். நீளம், காய்ந்த பதம், நிறம் பார்த்து விலை சொல்வார். நிறத்துக்கு விலை என்றானதுமே, நிறத்தைக் கூட்டிக் காட்ட யாருக்காவது ஆசை வரும். மெருகேற்றும் உருளையில் கொஞ்சம் மஞ்சள்தூள் தூவுவது பழைய வழக்கம், அதில் தவறில்லை. சில ஊர்களில் அந்த இடத்துக்கு லெட் குரோமேட் வந்து சேர்ந்தது. பெயிண்டிலும் சாலைக்கோடு வரையும் மையிலும் போடும் மஞ்சள் நிறமி அது. காரீயமும் குரோமியமும் சேர்ந்தது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல தூய ஈயச் சொம்பு ஆபத்தில்லை. காரீயம் எந்த அளவிலும் பாதுகாப்பானதல்ல என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மயிலாப்பூர் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாக்கெட் தூளில் என்ன கலந்திருக்குமோ, நாம் விரலி மஞ்சளாக வாங்கி மாடியில் காயவைத்து மெஷினில் கொடுத்து அரைத்துக்கொண்டால் சுத்தம் என்று. மாவு, சாயம் போன்ற கலப்படத்துக்கு இது சரியான யோசனை. லெட் குரோமேட்டுக்கு இது போதாது. அது ஏறுவதே முழுக் கிழங்கின் மேல், மெருகேற்றும் கட்டத்தில். அரைக்கும்போது தூளோடு தூளாகிவிடும். தண்ணீரில் போட்டால் அடியில் தங்குகிறதா என்று பார்ப்பது, சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதா என்று பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளும் இங்கே கைகொடுக்காது. கலப்பட மஞ்சளிலும் குர்குமின் இருப்பதால் அதுவும் அழகாகவே சிவக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் இந்தியர்கள் உள்ளிட்ட கூட்டாளிகளும் 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மஞ்சள் மாதிரிகளைச் சோதித்ததில் 14 சதவீதத்தில், கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் 1,000 மைக்ரோகிராமையும் தாண்டியது. இந்தியச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 10. அதாவது, நூறு மடங்குக்கு மேல். பாட்னா எங்கோ இருக்கிறது என்று சென்னை நிம்மதியடைய முடியாது. மஞ்சள் மாநில எல்லை பார்த்து நிற்கும் பொருள் இல்லை. எந்த ஊர்க் கிழங்கு எந்த ஊரில் மெருகேறி எந்த ஊரில் தூளானது என்பது சில்லறைக் கடைக்காரருக்கே தெரியாது.

10 என்ற அந்த உச்ச அளவும் சரியா என்று கேட்க வேண்டும். ஒரு கிராம் மஞ்சளில் 10 மைக்ரோகிராம் காரீயம் இருந்தால் சட்டப்படி அது நல்ல மஞ்சள். ஒரு குழந்தையின் சாப்பாட்டில் நாளெல்லாம் சேர்த்து கால் கிராம் மஞ்சள் போனாலே 2.5 மைக்ரோகிராம் காரீயம் உள்ளே போகிறது. குழந்தைக்கு ஒரு நாள் முழுதும் எல்லா உணவிலிருந்தும் சேர்ந்து 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் எல்லைக்கோடு. நித்தம் மஞ்சள் சாப்பிடாத நாடு அவ்வளவு கவனமாக இருக்கிறது. குழம்பு, கூட்டு, பொரியல் என்று மூன்று வேளையும் சாப்பிடும் நாடு அதைவிடக் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும்.

சென்னைக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் இருந்தது என்பதற்குச் சான்றும் உண்டு. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, 3 முதல் 7 வயது வரையிலான 756 சென்னைக் குழந்தைகளைச் சோதித்தார்கள். 2009-ல் முடிவுகள் வெளியாயின. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரி 11.4 மைக்ரோகிராம் காரீயம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இப்போது கவலைப்படத் தொடங்கும் அளவு 3.5. காரீயம் கூடக் கூட, பதற்றமும் கவனச் சிதறலும் கூடியிருந்ததை ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. இதற்கு மஞ்சள்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. பெயிண்ட், பேட்டரி, பழைய பெட்ரோல் புகை படிந்த மண் என்று காரீயம் வரும் வழிகள் பல. ஆனால் காரீயமுள்ள பெட்ரோல் இந்தியாவில் 2000-லேயே நின்றுவிட்டது. அதற்குப் பின் எடுத்த ரத்தத்தில் இவ்வளவு இருந்தது. 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் 27 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. வரும் வழிகளில் ஒன்றை அடைக்க முடியும் என்றால் அதை அடைக்காமல் இருப்பதற்கு என்ன நியாயம்?

அடைக்க முடியும் என்பதை வங்கதேசம் காட்டியிருக்கிறது. அங்கே 1980-களில் வந்த வெள்ளத்தில் மஞ்சள் நனைந்து நிறம் மங்கியது. அதை மறைக்க லெட் குரோமேட் பூசத் தொடங்கியவர்கள் வெள்ளம் வடிந்த பிறகும் நிறுத்தவில்லை. கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் காரீயம் எப்படி வந்தது என்று தேடிப் போன ஆய்வாளர்கள், மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-ல் அந்த முடிவுகள் செய்தித்தாள்களில் வந்தன. வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடனே இறங்கியது. டாக்கா ஷாம்பஜார் மொத்தச் சந்தையில் கையடக்கக் கருவியோடு நடமாடும் நீதிமன்றம் நுழைந்தது. காரீயம் கலந்த மஞ்சள் மூட்டைகள் பறிமுதலாயின. மொத்த வியாபாரிகள் இருவருக்கு 8 லட்சம் டாக்கா அபராதம். தொலைக்காட்சி அதை நாடெங்கும் காட்டியது. சந்தைகளில் எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் ஒட்டினார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021-ல் ஒன்றில்கூட இல்லை. மெருகேற்றும் ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்திலும் காரீயம் கணிசமாகக் குறைந்தது. பெரிய பணக்கார நாடு செய்த சாதனை அல்ல இது. இரண்டே ஆண்டில், நம் பக்கத்து வீட்டில் நடந்தது.

வங்கதேச அதிகாரிகள் கையில் வைத்திருந்தது எக்ஸ்-ரே ஃபுளோரசன்ஸ் கருவி. பொருளின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். மஞ்சளைக் கரைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடத்தில் திரையில் எண் வந்துவிடும்.

இந்தக் கருவி சென்னைக்குப் புதிதல்ல. தி.நகர் உஸ்மான் சாலை நகைக்கடைகளில் ‘காரட் மீட்டர்’ என்று சொல்கிறார்களே, அது இதே தத்துவத்தில் இயங்குவதுதான். பழைய வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாடிக்கையாளரின் கண்முன்னே பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று தாளில் அச்சடித்து வருகிறது. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் முத்திரையும் பல மாவட்டங்களில் கட்டாயமாகிவிட்டது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண் உண்டு. ஒரு பவுனில் கால் சதவீதம் குறைந்தால் கேள்வி கேட்க வழி இருக்கிறது. அதே தெருவிலிருந்து நாலு எட்டு நடந்தால் ரங்கநாதன் தெரு மளிகைக் கடையில், குழந்தையின் வயிற்றுக்குள் போகப்போகும் மஞ்சளை அள்ளிப் பொட்டலம் கட்டுகிறார்கள். அதை எந்தக் கருவியின் முன்னாலும் யாரும் வைப்பதில்லை. கழுத்தில் போடுவதற்குக் காட்டும் கவனத்தைச் சோற்றில் போடுவதற்குக் காட்டாத நிலையை இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

வியாபாரிகள் தரப்பில் ஒரு நியாயமான அச்சம் உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளுக்கு வீண் கெட்ட பெயர் வந்துவிடும், பாதிக்கப்படப் போவது விவசாயி என்பார்கள். விவசாயி நிலத்தில் எதையும் பூசுவதில்லை என்பது உண்மை. அதனாலேயே சோதனை அவருக்குத்தான் முதலில் உதவும். நிறமி பூசிய மட்டமான சரக்கோடு போட்டி போட்டு, நேர்மையாக விளைவித்தவர் ஏலத்தில் தோற்றுக்கொண்டிருக்கக் கூடாது. ஏற்றுமதியாகும் மசாலாப் பொருள்களை நறுமணப் பொருள் வாரியத்தின் ஆய்வகங்கள் சோதிக்கின்றன. சென்னையிலும் ஓர் ஆய்வகம் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் பல மஞ்சள்தூள் பிராண்டுகள் காரீயத்துக்காகத் திரும்பப் பெறப்பட்ட பின் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இன்னும் கெடுபிடியானார்கள். கப்பலேறும் மஞ்சளுக்குச் சான்று கேட்கும்போது கெட்டுப்போகாத ஈரோட்டின் பெயர், உள்ளூரில் சான்று கேட்டால் மட்டும் கெட்டுவிடாது.

இந்த மஞ்சளுக்காக இந்தியா உலக அரங்கில் சண்டை போட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். 1995 மார்ச்சில், மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை கொடுத்துவிட்டது. மாஷேல்கர் தலைமையில் இயங்கிய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் 1953-ல் வந்த ஓர் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையையும் எடுத்து வைத்து வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. வளரும் நாடொன்று தன் பாட்டி வைத்தியத்துக்காகப் போராடி வென்ற முன்னோடி வழக்கு அது. மஞ்சள் யாருடையது என்று வாதாடி வென்ற நாடு, அந்த மஞ்சளில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கவும் கடமைப்பட்டது.

தமிழக அரசால் இதைச் செய்ய முடியும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பது அரசு ஆய்வகச் சோதனையில் தெரிந்ததும், அதை உடனே தடை செய்தது இதே அரசுதான். மெரினாவில் மாதிரி எடுத்தார்கள், சோதித்தார்கள், தடை வந்தது. மஞ்சளிலும் அந்த வேகம் வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சட்டப்படி வழக்கு நடத்த அதன் அறிக்கை போதும். ஆனால் கடைக்குக் கடை மாதிரி எடுத்து, கிண்டிக்கு அனுப்பி, அறிக்கை வரும் வரை காத்திருந்தால் அந்த மூட்டை அதற்குள் ஆயிரம் வீட்டுச் சாம்பாரில் கரைந்திருக்கும். மூட்டைகள் சில்லறையாகப் பிரியும் முன்பே, ஈரோடு, பெருந்துறை ஏலக்கூடங்களிலும் கோயம்பேட்டிலும் மொத்த மளிகைக் கிடங்குகளிலும் கையடக்கக் கருவி இருக்க வேண்டும். ஒரு கருவியின் விலை சில பத்து லட்ச ரூபாய். பத்துக் கருவி வாங்கினாலும் அரசுக்கு அது பெரிய செலவில்லை. சோதனை முடிவை விற்பனைக்கூடத்துப் பலகையில், அன்றைய விலைக்குப் பக்கத்திலேயே எழுதிப் போட வேண்டும். 10 என்ற உச்ச அளவைக் குறைக்கச் சொல்லி மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் மாநிலம் கேட்க வேண்டும்.

வாங்குபவர்களும் ஒன்று செய்யலாம். பொங்கலுக்குப் பானையில் கட்ட வாங்கும் மஞ்சள் கொத்தை நினைத்துப் பாருங்கள். மண் ஒட்டியிருக்கும், தோல் மங்கலான பழுப்பாக இருக்கும், நகத்தால் கீறினால்தான் நிறம் தெரியும். இயற்கையான மஞ்சளின் வெளித்தோற்றம் அதுதான். காய்ந்த விரலியும் மெருகு குறைவாக இருந்தால் சற்று மங்கலாகவே இருக்கும். பெயிண்ட் அடித்ததுபோல் பளபளக்கும் விரலியை ஒதுக்கிவிட்டு மங்கலானதைக் கேளுங்கள். எந்த ஊர்ச் சரக்கு, சோதனைச் சான்று உண்டா என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதிப்பது அவர்களின் கடமை.

தை, மாசியில் ஈரோட்டுக்குப் புது மஞ்சள் வரத்து தொடங்கிவிடும். வரும் பருவத்தின் முதல் ஏலத்துக்கு முன்பாக அங்கே கருவி வந்து சேர உணவுப் பாதுகாப்புத் துறை இப்போதே உத்தரவிட வேண்டும்.